வைட்டமின் டி மார்பகப் புற்று செல்லையும் கொழுப்பு செல்லையும் கொல்லுமா?

வெயில்விரும்பி | 3 நவம்பர் 2025, காலை 9.10

ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. வைட்டமின் டி பட்டால் மார்பகப் புற்று செல் தானாகவே செத்துவிடுமாம். கொழுப்பு செல்லும் அப்படியே சாகுமாம். அதனால் உடல் பருமனுக்கும் மார்பகப் புற்றுக்கும் ஒரே மருந்து இதுதானாம். வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட்டை ஆயுசுக்கும் சாப்பிடச் சொல்கிறார்கள். இதில் எது உண்மை, எது இட்டுக்கட்டியது?

செல்லாய்வு | 3 நவம்பர் 2025, பிற்பகல் 1.45

முதல் பாதி ஆய்வகத்தில் நடந்த உண்மை. அதிலிருந்து பாக்கெட்டுக்குத் தாவியதுதான் தப்பு.

நாம் விழுங்குவது டி3. கல்லீரல் அதை 25-ஹைட்ராக்ஸி டி ஆக்கும். ரத்தப் பரிசோதனையில் பார்ப்பது இதைத்தான். சிறுநீரகம் அதற்கு இன்னொரு ஹைட்ராக்ஸி சேர்த்துக் கால்சிட்ரியால் ஆக்கும். செல்லுக்குள் போய் வேலை செய்வது கால்சிட்ரியால். ஆய்வகத் தட்டில் புற்று செல்லைக் கொன்றதும் அதுதான். பாக்கெட்டில் இருக்கும் டி3 அல்ல.

எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்று செல் வரிசையில்தான் இந்த வேலை அதிகம் நடந்திருக்கிறது. கால்சிட்ரியால் போட்டதும் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. எண்டோபிளாச வலையின் சேமிப்பிலிருந்து கொஞ்சம், வெளியிலிருந்து சவ்வு வழியாகக் கொஞ்சம். ஏறிய கால்சியம் இறங்காமல் நின்றால் கால்பெய்ன் என்ற புரதம் வெட்டும் நொதி விழித்துக்கொள்கிறது. செல் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. இதுதான் அப்போப்டோசிஸ். சாதாரண மார்பக எபிதீலிய செல் ஏன் தப்பிக்கிறது என்று கேட்டால், கால்பிண்டின் என்ற புரதம் கூடுதல் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது இகோர் செர்கேயேவ் குழு தந்த விளக்கம். எனக்கு அது நம்பத் தகுந்ததாகவே படுகிறது.

இப்போது அளவுக்கு வருவோம். ஒரு மில்லிகிராம் கால்சிட்ரியாலை 24 மில்லி எத்தனாலில் கரைத்தால் 100 மைக்ரோமோலார் மூலக் கரைசல், அதாவது ஸ்டாக். செல் வளரும் திரவமான மீடியம் ஒரு மில்லிக்கு அதில் ஒரு மைக்ரோலிட்டர் விட்டால் 100 நானோமோலார். சாவைக் காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் 10 முதல் 100 நானோமோலார் வரை போட்டவை. நம் ரத்தத்தில் கால்சிட்ரியால் ஓடுவது லிட்டருக்குச் சுமார் 50 முதல் 150 பிக்கோமோல். அதாவது தட்டில் போட்டது சுமார் நூறு முதல் ஆயிரம் மடங்கு. அந்த அளவை ரத்தத்தில் கொண்டுவர முயன்றால் புற்று செல் சாவதற்கு முன்னால் கால்சியம் ஏறி ஆளே போய்விடுவார். கால்சியத்தை ஏற்றாமல் செல்லை மட்டும் கொல்லும் மாற்றுருக்களை மருந்துக் கம்பெனிகள் தேடியதற்கே காரணம் இதுதான். செயோகால்சிட்டால் அப்படி வந்த ஒன்று. புற்றுக்கான மருந்தாக அது கடைக்கு வரவில்லை.

செல்லாய்வு | 3 நவம்பர் 2025, இரவு 10.20

இதைச் செய்து பார்க்கும் மாணவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக.

எம்சிஎஃப்-7 செல்லில், செல் சாவை நடத்தும் காஸ்பேஸ்-3 என்ற நொதி கிடையாது. அந்த மரபணுவில் 47 காரங்கள் விடுபட்டிருக்கின்றன. காஸ்பேஸ்-3 கிட்டை வாங்கி அளந்து, "ஒன்றும் ஏறவில்லை, அதனால் சாகவில்லை" என்று எழுதினால் அது வெறும் விரயம். சாகும் செல்லில் ஒட்டும் அனெக்சின் V பாருங்கள், கால்பெய்ன் செயல்பாடு பாருங்கள், கால்சியத்துக்கு ஃபியூரா-2 சாயம்.

மீடியத்தில் ஃபீனால் ரெட் என்ற நிறமி இருந்தால் அதற்கே லேசான ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு. எம்சிஎஃப்-7 ஈஸ்ட்ரோஜனுக்கு வளரும் செல். நிறமில்லாத மீடியமும், ஹார்மோன் போகக் கரியில் வடித்த சீரமும் எடுங்கள். சீரத்தில் இருக்கும் டி-பிணைப்புப் புரதம் கால்சிட்ரியாலைப் பிடித்து வைக்கும் என்பதால், 10 சதவீத சீரத்தில் கிடைத்த எண்ணையும் 2 சதவீதத்தில் கிடைத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. கட்டுப்பாட்டுத் தட்டிலும் அதே 0.1 சதவீத எத்தனால் இருக்கட்டும். ஸ்டாக்கை வெளிச்சம் படாமல் வையுங்கள்.

அதே குடும்பத்து நொதியான காஸ்பேஸ்-12 பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. கால்பெய்ன் அதை எழுப்பி செல்லைக் கொல்கிறது என்று படம் போடுகிறார்கள். எலிக்குச் சரி. மனிதரில் பெரும்பாலோருக்கு அந்த மரபணுவில் நடுவிலேயே நிறுத்தக் குறி விழுந்திருக்கிறது. முழுப் புரதம் உருவாவதில்லை. எனவே அந்தப் படத்தை அப்படியே மனிதருக்கு ஒட்டக் கூடாது. கால்பெய்ன் வரை வரைந்துவிட்டு அம்புக்குறியை நிறுத்துவது நேர்மை.

மருந்துச்சீட்டு | 4 நவம்பர் 2025, காலை 7.30

தட்டை விடுங்கள், ஆட்களிடம் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் வைட்டல் ஆய்வு. 25,871 பேர், தினம் 2000 யூனிட் டி3 அல்லது போலி மாத்திரை, நடுமதிப்பு 5.3 வருடம். டி குழுவில் 793 பேருக்குப் புற்று, மற்றதில் 824. வித்தியாசம் தற்செயலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மார்பகப் புற்று மட்டும் எடுத்தால் 124க்கு 122. கொல்லும் கதை உண்மையாக இருந்தால் இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருக்காது.

அதற்கு முன்னால் பெண்கள் நலத் திட்டம் என்ற பெரிய அமெரிக்க ஆய்வு. மாதவிடாய் நின்ற 36,282 பெண்கள், தினம் 1000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் டியும், ஏழு வருடம். மார்பகப் புற்று குறையவில்லை. 400 யூனிட் மிகக் குறைவு, அதுவும் பலர் தாங்களாகவே தனியாக டி வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நியாயமான ஆட்சேபணைதான். ஆனால் வைட்டலில் அந்தச் சாக்கு செல்லாது.

மருந்துச்சீட்டு | 4 நவம்பர் 2025, காலை 7.55

மேலே விட்டுப்போனது. வைட்டலில் ஒரு இடம் கவனிக்க வேண்டியது. உடல் நிறைக் குறியீடு 25க்குக் கீழே இருந்தவர்களில் மட்டும் டி குழுவில் புற்று 24 சதவீதம் குறைவு. பின்னர் 2020இல் வந்த பகுப்பாய்வில், பரவிய அல்லது உயிர்பறித்த புற்று மொத்தத்தில் 17 சதவீதம் குறைவு. ஒல்லியானவர்களில் 38 சதவீதம். எடை கூடியவர்களிடம் பலன் தெரியவில்லை. உட்குழுப் பகுப்பாய்வு என்பதால் சத்தியம் செய்யக் கூடாது, ஆனால் ஒதுக்கவும் முடியாது.

வெயில்விரும்பி | 4 நவம்பர் 2025, இரவு 8.40

அப்படியென்றால் குண்டானவர்களுக்கு டோஸைக் கூட்டினால் சரியாகிவிடாதா? கொழுப்பு செல் டியைப் பூட்டிவைக்கிறது, பூட்டை உடைக்க அதிகம் கொடுக்க வேண்டும் என்றுதான் அந்த வீடியோவிலும் சொல்கிறார்கள்.

மருந்துச்சீட்டு | 5 நவம்பர் 2025, காலை 6.50

பூட்டு என்பதை விட நீர்த்துப்போவது என்று பார்ப்பது சரி. ஒரு கரண்டி உப்பைச் சின்னக் கிண்ணத்தில் போடுவதற்கும் அண்டாவில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். டி கொழுப்பில் கரைவது. பெரிய உடம்பில் பரவ இடம் அதிகம். 2000ஆவது ஆண்டில் வோர்ட்ஸ்மன் குழு பருமனானவர்களையும் மற்றவர்களையும் ஒரே அளவு புற ஊதாக் கதிரில் நிற்கவைத்துப் பார்த்தது. தோலில் உற்பத்தியில் குறை இல்லை. ஆனால் ரத்தத்தில் டி3 ஏறியது பருமனானவர்களிடம் 57 சதவீதம் குறைவு.

எது காரணம், எது விளைவு என்ற கேள்விக்கும் விடை உண்டு. 2013இல் விமலேஸ்வரன் குழு சுமார் 42,000 பேரின் மரபணுக்களை வைத்துப் பார்த்தது. எடை கூட்டும் மரபணு வகை இருந்தால் டி குறைகிறது. டி குறைக்கும் மரபணு வகை இருந்தால் எடை கூடுவதில்லை. ஆக, பருமன்தான் டியைக் குறைக்கிறது. டி குறைவதால் பருமன் வரவில்லை.

டோஸைக் கூட்டினால் ரத்த அளவு ஏறும், அதில் சந்தேகமில்லை. பருமனானவருக்கு இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும் என்பது ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டியின் 2011 வழிகாட்டி. ஆனால் ஏறிய அளவு எடையைக் குறைக்குமா? சியாட்டிலில் 218 பெண்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் கொடுத்து, பாதிப்பேருக்குத் தினம் 2000 யூனிட் டியும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் டி குழு 7.1 கிலோ குறைந்தது, மற்றது 7.4 கிலோ.

செல்லாய்வு | 6 நவம்பர் 2025, மாலை 5.15

கொழுப்பு செல் சாகும் கதைக்கு இப்போது வருகிறேன். இதுதான் எனக்கு அதிகம் கவலை தரும் பகுதி.

எலியின் 3டி3-எல்1 (3T3-L1) என்ற செல் வரிசையைக் கொழுப்பு செல்லாக மாற்றி, முதிர்ந்த பிறகு அதிக கால்சிட்ரியால் விட்டால், கால்சியம், கால்பெய்ன் வழியாகவே சாகிறது. செர்கேயேவ் 2009இல் காட்டியது. 2014இல் கொழுத்த எலிகளுக்கு டியும் கால்சியமும் கூடுதலாகக் கொடுத்தபோது எடை ஏற்றம் குறைந்தது, கொழுப்புத் திசுவில் அப்போப்டோசிஸ் கூடியது. வீடியோவின் மூலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மறுபக்கம் இருக்கிறது. மைக்கேல் ஜெமல் குழு அதே மாதிரிச் செல்களில் குறைந்த அளவு கால்சிட்ரியால் சாவைத் தடுக்கிறது, மிக அதிக அளவுதான் கொல்கிறது என்று காட்டியது. உடம்பில் கிடைப்பது குறைந்த அளவு! டி ஏற்பி மரபணுவையே நீக்கிய எலிகள் குண்டாவதில்லை, கொழுப்புத் தீவனம் போட்டாலும் ஒல்லியாகவே நிற்கின்றன. ஜோஎலன் வெல்ஷ் ஆய்வகம் அதைக் காட்டியது. டி கொழுப்பைக் கரைக்கும் என்றால் ஏற்பி இல்லாத எலி ஊதிப்போயிருக்க வேண்டுமே.

செய்முறையில் இரண்டு இடங்களில் வழுக்கும். ஒன்று, நேரம். 3டி3-எல்1க்கு, அதைக் கொழுப்பு செல்லாக மாற்றும் டெக்சாமெத்தசோன், ஐபிஎம்எக்ஸ், இன்சுலின் கலவை விட்ட முதல் ஒன்றிரண்டு நாளில் கால்சிட்ரியால் சேர்த்தால் அவை கொழுப்பு செல்லாகவே மாறாது. எட்டுப் பத்து நாள் கழித்து எண்ணினால் கொழுப்பு செல் குறைந்திருக்கும். அது சாவு அல்ல, பிறக்கவே இல்லை. மனித முன்கொழுப்பு செல்லில் இதற்கு நேரெதிர்; அங்கே கால்சிட்ரியால் முதிர்ச்சியைத் தூண்டுகிறது. இரண்டு, கழுவுதல். முதிர்ந்த செல் வயிறு முழுக்க எண்ணெய்த் துளி. தட்டிலிருந்து சுலபமாகப் பெயர்ந்து மிதக்கும். பிப்பெட்டை வேகமாக அழுத்திக் கழுவினால் உயிருள்ளவையும் சேர்ந்து போய்விடும். உறிஞ்சி எடுத்த மீடியத்தையும் எண்ணிப் பார்க்காத ஆய்வை நான் நம்புவதில்லை.

செல்லாய்வு | 6 நவம்பர் 2025, இரவு 9.30

கொழுப்பு செல் சாவது நல்லதா என்பதே தனிக் கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை.

பருமனான பெண்ணின் மார்பகத் திசுவைச் சீவி, மேக்ரோஃபேஜுகளுக்கான (சிதைந்த செல்லைத் தின்னும் தற்காப்பு செல்கள்) சிடி68 சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், பெரிய வெள்ளை வட்டங்களாகக் கொழுப்பு செல்கள் அடுக்கி நிற்கும். நடுநடுவே ஒரு வட்டத்தைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம் கட்டியிருக்கும். அந்த வளையம் மேக்ரோஃபேஜுகள். நடுவில் இருப்பது செத்த கொழுப்பு செல். உயிருள்ள கொழுப்பு செல்லைக் காட்டும் பெரிலிபின் சாயம் போட்டால் சுற்றிலும் இருக்கும் கொழுப்பு செல்களில் பிடிக்கும், செத்ததில் பிடிக்காது. கிரீட அமைப்பு என்று இதற்குப் பெயர். கொழுப்புத் திசுவில் மேக்ரோஃபேஜுகளில் 90 சதவீதத்துக்கு மேல் செத்த செல்களைச் சுற்றித்தான் இருக்கின்றன என்று சிண்டி குழு 2005இல் காட்டியது. 2011இல் இதையே பெண்களின் மார்பகத்தில் பார்த்தார்கள்.

அந்த வளையத்திலிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா, புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற அழற்சிப் பொருள்கள் கசிகின்றன. அவை பக்கத்துச் செல்களில் அரோமட்டேஸ் நொதியைக் கூட்டுகின்றன. அரோமட்டேஸ் கூடினால் ஈஸ்ட்ரோஜன் கூடும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்குக் சினைப்பை ஓய்ந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் வருவதே பெரும்பாலும் கொழுப்பிலிருந்துதான். பருமன் அந்த வயதில் மார்பகப் புற்றைக் கூட்டுவதற்கு முக்கிய வழி இது. மாதவிடாய் நிற்பதற்கு முன் அப்படி நேர்க்கோடாக இல்லை. இளவயதில் எடை கூடியவர்களிடம் ஆபத்து குறைவாகவே தெரிகிறது.

ஆக, கொழுப்பு செல் ஊதி, ஆக்சிஜன் எட்டாமல் வெடித்துச் சாவது வேறு. கால்பெய்ன் வழியாக அடக்கமாகக் கலைவது வேறு. முதலாவது புற்றுக்கு உரம். டி கொடுத்தால் இரண்டாவது மட்டும்தான் நடக்கும் என்று மனித மார்பகத்தில் யாரும் காட்டவில்லை. டியிடம் ஒரு நல்ல குணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்: ஸ்டான்ஃபோர்டில் ஃபெல்ட்மன், கிருஷ்ணன் குழு கால்சிட்ரியால் புற்று செல்லிலும் மார்பகக் கொழுப்பிலும் அரோமட்டேஸைக் குறைப்பதைச் செல்லிலும் எலியிலும் காட்டியிருக்கிறது. நான் பந்தயம் கட்டுவதாக இருந்தால் 'கொல்லும்' கதையில் கட்ட மாட்டேன், இந்த அரோமட்டேஸ் பக்கம் கட்டுவேன்.

வெயில்விரும்பி | 7 நவம்பர் 2025, காலை 8.05

60,000 விஷயம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

மருந்துச்சீட்டு | 8 நவம்பர் 2025, காலை 7.10

60,000 யூனிட் என்றால் 1.5 மில்லிகிராம். குறைபாடு உறுதியானவருக்கு வாரம் ஒன்று, எட்டு வாரம், பிறகு நிறுத்தித் தினசரிச் சின்ன டோஸுக்கு மாறுவது என்பதுதான் நம் ஊர் வழக்கமான சீட்டு. எட்டு வாரம் முடிந்ததும் அதே சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குவதில்தான் கோளாறு. வாரம் 60,000 என்றால் தினம் 8,500க்கு மேல். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் பெரியவர்களுக்கு உச்ச வரம்பு 4,000. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் அன்றாடத் தேவை 600.

மாதம் ஒரு 60,000 என்றால் தினம் 2000 வந்துவிடுகிறது, வைட்டலும் அதே 2000, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் டி-ஹெல்த் ஆய்வு அதைத்தான் செய்தது. 60 வயது தாண்டிய 21,315 பேர், மாதம் 60,000. மரணம் குறையவில்லை. முதல் இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் புற்று மரணம் டி குழுவில் 24 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. முன்கூட்டித் திட்டமிடாத பகுப்பாய்வு, அதை வைத்துப் பயமுறுத்தத் தேவையில்லை. ஆனால் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த 2019 தொகுப்பிலும் புற்று மரணம் 13 சதவீதம் குறைந்தது தினசரி டோஸில்தான். மொத்தமாக இடைவெளி விட்டுக் கொடுத்ததில் பலன் இல்லை. மொத்தமாகக் கொட்டும்போது டியை உடைக்கும் நொதியும் சேர்ந்து எழும்பிவிடுகிறது என்பது ஒரு விளக்கம்.

விஷமாகும் அறிகுறி: ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம். ஆறு லட்சம் யூனிட் ஊசியைப் பாக்கெட்டோடு சேர்த்துப் போட்டுக்கொள்வது ஆபத்தின் நேர்வழி. ஊசியை நிறுத்தினாலும் டி கொழுப்பிலிருந்து மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். காசநோய், சார்காய்டோசிஸ் உள்ளவர்கள், தயசைட் வகை நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் சின்ன டோஸுக்கே கால்சியம் பார்க்க வேண்டும்.

மருந்துச்சீட்டு | 8 நவம்பர் 2025, காலை 7.40

பரிசோதனை பற்றி. கேட்க வேண்டியது 25-ஹைட்ராக்ஸி டி. 1,25 டைஹைட்ராக்ஸி என்று எழுதிய விலை கூடிய பரிசோதனை குறைபாட்டுக்கு உதவாது. குறைபாடு உள்ளவரிடம் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி அதைச் சாதாரணமாகவே, சில நேரம் கூடுதலாகவே காட்டும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் சில இம்யூனோஅஸே கருவிகள் 25-ஹைட்ராக்ஸி டியைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். அறுவைச் சிகிச்சை, காய்ச்சல் முடிந்த கையோடு எடுத்தால் பொய்யாக இறங்கியிருக்கும். டோஸ் மாற்றினால் மூன்று மாதத்துக்கு முன் திரும்பப் பார்ப்பதில் அர்த்தமில்லை, அரை ஆயுளே இரண்டு மூன்று வாரம். அறிக்கையில் நானோமோல் என்று இருந்தால் 2.5ஆல் வகுத்தால் நானோகிராம் வரும். 20க்கு மேல் போதும் என்பது ஒரு கட்சி, 30 வேண்டும் என்பது இன்னொரு கட்சி. எண்டோகிரைன் சொசைட்டியின் 2024 வழிகாட்டியோ, ஆரோக்கியமாக இருப்பவருக்கு, பருமனாக இருந்தாலும் சரி, வழக்கமாகப் பரிசோதிக்கவே வேண்டாம் என்கிறது.

வெயில்விரும்பி | 9 நவம்பர் 2025, இரவு 9.00

பிரேசிலில் கீமோவோடு டி கொடுத்துப் பலன் இரட்டிப்பானது என்று செய்தி வந்ததே?

செல்லாய்வு | 9 நவம்பர் 2025, இரவு 11.25

வந்தது, படிக்க வேண்டிய ஆய்வுதான். 80 பெண்கள், அறுவைக்கு முன் கீமோ, பாதிப்பேருக்குத் தினம் 2000 யூனிட், ஆறு மாதம். கட்டி முழுக்க மறைந்தது டி குழுவில் 43 சதவீதம், மற்றதில் 24. நாற்பதில் 43 சதவீதம் என்றால் 17 பேர், 24 என்றால் 9, 10 பேர். நாலைந்து பேர் இடம் மாறினால் முடிவே மாறும். மார்பகப் புற்று வகைகளில் ஹெர்2 வகையும், ஹார்மோன் ஏற்பிகளோ ஹெர்2வோ இல்லாத மும்மறை வகையும் கீமோவுக்குக் கட்டி மறைவது இயல்பிலேயே அதிகம்; சிறிய ஆய்வில் அந்த வகைகள் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தாலும் எண் ஏறும். பெரிய ஆய்வு வர வேண்டும். மலிவான மருந்து, 2000 யூனிட்டில் ஆபத்தும் குறைவு என்பதால் கட்டாயம் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. இதிலும் கவனியுங்கள்: தினசரி, 2000. 60,000 அல்ல.

மருந்துச்சீட்டு | 11 நவம்பர் 2025, காலை 7.00

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு டி தேவைப்படும் உறுதியான காரணம் எலும்பு. அரோமட்டேஸைத் தடுக்கும் மார்பகப் புற்று மாத்திரைகளான லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் ஈஸ்ட்ரோஜனை வடித்துவிடுவதால் எலும்பு தேயும். கால்சியமும் டியும் சேர்த்தே கொடுப்பார்கள். எலும்பு தேய்வதைத் தடுக்கும் ஊசிகளான சோலெட்ரோனிக் அமிலமோ டெனோசுமாப்போ போடுவதற்கு முன் டி குறைபாட்டைச் சரிசெய்தாக வேண்டும், இல்லையென்றால் ஊசிக்குப் பின் கால்சியம் சரிந்து கை கால் இழுத்துக்கொள்ளும், வாயைச் சுற்றி மரத்துப்போகும். எலும்புக்குப் பரவி ரத்தக் கால்சியம் ஏற்கெனவே ஏறியிருப்பவர் மட்டும் புற்று மருத்துவரைக் கேட்காமல் டி, கால்சியம் இரண்டையும் தொடக் கூடாது. இந்த இரண்டு நிலைமையும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இருக்கும். பக்கத்துக் கட்டில்காரர் சாப்பிடுவதைப் பார்த்து வாங்காதீர்கள்.

வெயில்விரும்பி | 14 நவம்பர் 2025, பகல் 12.30

கடைசியாக ஒன்று. எடை குறைக்க ஆர்லிஸ்டாட் சாப்பிடுபவர்கள் டியை எப்போது எடுப்பது?

மருந்துச்சீட்டு | 14 நவம்பர் 2025, இரவு 8.15

ஆர்லிஸ்டாட் சாப்பாட்டுக் கொழுப்பை உறிஞ்சவிடாது, அதோடு டியும் வெளியே போய்விடும். ஆர்லிஸ்டாட் எடுத்து இரண்டு மணி நேரமாவது தள்ளி, படுக்கும் முன் டி எடுங்கள். இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தினம் 3000 யூனிட் என்பது ஆரம்ப அளவு, பிறகு ரத்த அளவைப் பார்த்து மாற்ற வேண்டும். மற்றவர்கள் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் போதும்.